இரண்டரைத் தொன் கல்லும் ஒரு பீப்பாத் தண்ணீரும்

அத்தியாயம் ஏழு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சுஜிந்தன் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவனுடைய வேலைக்கு இன்னும் ஐந்து மணி நேரம்தான் ஆயுள் இருந்தது.

அலுவலகம் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில் அது டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில், என் வீட்டுக் கார்க் கொட்டகை. கார் வெளியே நனைகிறது. உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரைகள், ஒரு கோப்பி மெஷின். மேசைக்குப் பின்னால் இருப்பவள் வினோதா, என் மனைவியின் தங்கை. பதினான்கு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருந்து, எரியாத வீட்டுக்கும் தொலையாத நகைக்கும் இழப்பீடு கேட்டவர்களைப் பிடித்தவள். இப்போது அதே மூளையை வைத்துத் தனியாகத் துப்பறிகிறாள். நான் குகநேசன். கார் ஓட்டுவது, கோப்பி ஊற்றுவது, கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வது என் பொறுப்புகள். மூன்றாவதில் மட்டும் நான் லீவு எடுப்பதில்லை என்று வினோதா சொல்வாள்.

அன்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். என் மனைவி இராசலட்சுமி திங்கட்கிழமை அவன் அடுப்பிலிருந்து சுடுதட்டைத் துணியில்லாமல் தூக்கி, இரண்டு உள்ளங்கையையும் சுட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு கையிலும் பிளாஸ்டர். அன்றிலிருந்து எனக்கு மூன்று வேளையும் கறுத்தப் பாண். இன்று மத்தியானம் எப்படியும் புட்டு அவிப்பதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் வழக்கு வந்தது.

சுஜிந்தன் ஒரு கட்டட இயந்திர நிறுவனத்தில் கிரேன் லொறி ஓட்டுபவன். ஆறடி ஆள். கதிரையில் இருந்ததும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பிள்ளை போலச் சுருங்கிவிட்டான். அவன் சொன்ன கதை இது.

ஹோர்சன்ஸில் உள்ள கத்தோலிக்கத் தமிழர்கள் தங்கள் தேவாலயத் தோட்டத்தின் மூலையில் மாதாவுக்குச் சுருபம், அதாவது சிலை, ஒன்று வைக்க ஆசைப்பட்டார்கள். சுருபத்துக்கு அடிக்கல்லாக இரண்டரைத் தொன் கருங்கல் ஒன்று போன ஓகஸ்டில் வந்து இறங்கியது. இறக்கியவர்கள் அதை வாகனத் தரிப்பிடத்தில், இரண்டு தடித்த மரக்குற்றிகளுக்கு மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தோட்டத்து மூலை அங்கிருந்து நாற்பது மீற்றர். கல்லை நான் தூக்கி வைக்கிறேன், ஒரு நாள் வேலை, என்று சுஜிந்தன் கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் முதலாளியிடம் கேட்டான். காப்புறுதி இல்லை, கிரேன் தரமுடியாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார். மூன்று முறை கேட்டு மூன்று முறையும் அதே பதில். கல் பத்து மாதம் அங்கேயே இருந்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது யாராவது ஒருவர் கல்லைப் பற்றி அவனிடம் விசாரிப்பார். அவன் பூசைக்கு வருவதையே குறைத்துக்கொண்டான்.

இப்போது விஷயம் என்னவென்றால், திங்கட்கிழமை ஸங்க்ட் ஹான்ஸ் என்கிற டெனிஷ் கோடைத் திருநாள். ஊர் முழுக்க மாலையில் கடலேரிக் கரைக்குப் போய் நெருப்பு மூட்டிப் பாட்டுப் பாடிவிட்டு வந்தது. செவ்வாய் காலை பார்த்தால் கல் மூலையில், தன் இடத்தில், ஒரு கீறலும் இல்லாமல் நிற்கிறது. சபைத் தலைவர் நிக்கலஸ் அதைப் படம் பிடித்து, மாதா தன் இடத்துக்குத் தானே வந்துவிட்டார் என்று ஃபேஸ்புக்கில் போட்டார். உள்ளூர்ப் பத்திரிகையும் சிரிப்போடு எடுத்துப் போட்டது. பத்திரிகையை முதலாளி பார்த்தார். மூன்று முறை கிரேன் கேட்டவன் ஒருவன் தன்னிடம் வேலை செய்கிறான். அந்தத் திங்கள் மாலை லொறி அவன் வீட்டு வாசலிலும் சாவித் திறப்பு அவன் கையிலும்தான் இருந்தன. லொறி எங்கே போனது என்று காட்டும் கருவியோ ஈஸ்டரிலிருந்து பழுது. கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. வியாழன் மூன்று மணிக்குள் வேறு விளக்கம் கொண்டுவா, இல்லாவிட்டால் வேலை இல்லை என்றுவிட்டார்.

"எடுக்கலாமோ எண்டு யோசிச்சனான் அக்கா, பொய் சொல்லேல்லை," என்றான் சுஜிந்தன். "ஆனா எடுக்கேல்லை."

இதை நம்பினாளா இல்லையா என்று வினோதாவின் முகத்தில் தெரியவில்லை. வீட்டில் சொன்னாயா என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். மனைவி நிறோஷினிக்கு ஒன்றும் தெரியாதாம். தெரிந்தால் தாங்கமாட்டாளாம். அவளுக்குச் சொல்லவே கூடாது என்று வினோதாவிடம் வாக்கும் வாங்கிக்கொண்டான்.

மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம், ஆனால் மூன்று மணிக்குள் வருவாரா தெரியாது என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. காரை எடுத்தேன்.

தேவாலயத் தோட்டத்தில் நிக்கலஸ் எங்களுக்காகக் காத்திருந்தார். அறுபது வயது, இஸ்திரி போட்ட சேட்டு, குரலில் ஒரு மெல்லிய பக்தி. கல்லுக்கு முன்னால் அதற்குள் ஆறு மெழுகுதிரிகள். வினோதா மெழுகுதிரிகளைச் சுற்றிப் போய்க் குந்தியிருந்து கல்லின் அடியைப் பார்த்தாள். கல் இன்னும் அதே இரண்டு மரக்குற்றிகளின் மேல்தான் நின்றது. குற்றிகளின் முன் நுனி இரண்டும் கீழ்ப்பக்கமாகச் சரித்து அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடம் புத்தம் புதிதாக மஞ்சளாக இருந்தது.

கிரேனில் தூக்குகிற ஒருவன் எதற்காகக் குற்றியின் மூக்கை அறுக்கவேண்டும் என்று அவள் என்னைக் கேட்டாள். மாதா அறுத்திருக்கலாம், அவருடைய வீட்டுக்காரர் தச்சர் என்றேன். நிக்கலஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தரிப்பிடத்திலிருந்து மூலை வரைக்கும் நடைபாதைக் கல் பதிப்பதற்காக அகலமாக வெட்டி, மணல் நிரப்பி, தட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். மூன்று வாரமாக மழை இல்லை. மணல் மேலே வெளுத்துக் காய்ந்து கிடந்தது. அதன் நடுவால் இரண்டு பளபளப்பான கோடுகள் நாற்பது மீற்றருக்கும் ஓடின. ஓரத்தில் நாலைந்து அடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மணற்கட்டிகள் கிடந்தன. சிறுவர்கள் விளையாடியிருப்பார்கள் என்று நான் ஒன்றைக் காலால் தட்டினேன். வினோதா என் காலைத் தட்டிவிட்டு, இன்னொன்றைப் பூப்போல எடுத்து, என் காரில் கிடந்த வெறும் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அந்தப் பெட்டிக்கு இதைவிட நல்ல எதிர்காலம் இருந்தது என்று எனக்கு மனவருத்தம்.

சுவரோரம் மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பா ஒன்று நின்றது. எட்டிப் பார்த்தாள், அடியில் ஒரு சாண் தண்ணீர். திங்கட்கிழமை காலை அது விளிம்பு முட்ட இருந்தது, பீடத்துப் பூக்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர் என்று நிக்கலஸ் சொன்னார். அதையும் அற்புதத்தில் சேர்த்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார்.

கடைசியாக வினோதா வேலிக்கும் கல்லுக்கும் இடையில் தன்னை நுழைத்துக்கொண்டு கல்லின் முதுகைப் பார்த்தாள். நானும் தலையை மட்டும் நுழைத்தேன். மற்ற உடம்பு போகவில்லை. யாரும் பார்க்க வாய்ப்பில்லாத அந்தப் பக்கத்தில், வரிசையாகச் சின்னச் சிவப்புப் பொட்டுகள், மினுங்கிக்கொண்டு. எண்ணினேன். பதினெட்டு.

வேலிக்கு அப்பால் ஒரு மாடி வீடு. அதில் பியர்த என்ற எண்பத்து மூன்று வயது டெனிஷ் அம்மா தனியாக இருக்கிறார். இடுப்பு வலி, அதனால் நெருப்புப் பார்க்கப் போகவில்லை. மாடி யன்னலில் இருந்திருக்கிறார். பொலிஸ் கேட்கவில்லை, பத்திரிகை கேட்கவில்லை, நிக்கலஸ் கேட்கவில்லை. வினோதா கேட்டாள். அவர் எங்களுக்குக் கோப்பியும் கறுவாப் பட்டை போட்ட பணிஸும் தந்து, எல்லாவற்றையும் பார்த்தேன் என்று டெனிஷில் சாவகாசமாகச் சொன்னார்.

அவர் பார்த்தது இதுதான். மாடி உயரத்துக்கு வளர்ந்த செடிவேலியில் நாலு மீற்றர் அகலத்துக்கு ஒரு இடைவெளி உண்டு. மாலை ஏழரை மணி, நல்ல வெயில். அந்த இடைவெளியில் தொப்பி போட்ட ஒருவர் பின்பக்கமாக நடந்து வந்தார். கையில் பூவாளி. குனிந்து குனிந்து தரையில் தண்ணீர் ஊற்றினார். அவர் ஊற்ற ஊற்ற, அந்தப் பெரிய கல் அவரைத் தொடர்ந்து வந்தது. யாராவது பேசினார்களா, பாடினார்களா என்று வினோதா கேட்டாள். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்தாராம். பிறகு என்ன நடந்தது என்று கேட்டோம். பிறகு யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாராம். மற்றவர்கள் வழிபடும்போது உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை அல்லவா என்றார்.

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. பணிஸுக்காகவும்தான்.

காரில் ஏறியதும் வழக்கை நான் முடித்துவிட்டேன். பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் மூளை ஒட்டியிருக்கிறது. கோயில் தேர் வரும்போது முன்னால் வீதிக்குத் தண்ணீர் விடுவார்கள். வாளியோடு நானே எத்தனையோ முறை ஓடியிருக்கிறேன். கத்தோலிக்கர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆகவே இது எங்கள் சைவ ஆட்களின் வேலை, பக்கத்துச் சபைக்கு ஒரு உதவி என்று இரகசியமாகச் செய்திருக்கிறார்கள், கோயில் நிர்வாகத்தைப் பிடித்தால் எல்லாம் வெளியே வரும் என்றேன்.

வினோதா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மணி பார்த்தாள். பன்னிரண்டே கால்.

"எகிப்திலை ஒரு கல்லறைச் சுவரிலை பழைய படம் ஒண்டு இருக்கு அத்தான்," என்றாள். "வீடளவு சிலையைச் சில்லில்லாத சறுக்குப் பலகையிலை வச்சு நூற்றெழுபது பேர் இழுக்கினம். சிலையின்ர காலடியிலை ஒருத்தன் நிண்டு மணலிலை தண்ணி ஊத்துறான். படிச்ச ஆக்கள் கன காலமா என்ன சொன்னவை தெரியுமோ? உங்களை மாதிரியே. சடங்காம்."

பிறகு சிலர் அதைச் சோதித்துப் பார்த்தார்களாம். காய்ந்த மணலில் பாரத்தை இழுத்தால் முன்னால் மணல் குவிந்து மறிக்கும். அளவாக நனைத்தால் மணல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தரை போல இறுகிவிடும். இழுக்கும் பாரம் பாதியாகும். கொஞ்சம் கூட நனைத்தாலோ சேறாகிப் புதையும். பிரமிட்டுக் கற்களை வள்ளத்தில் ஆற்றாலும் கொண்டுவந்தார்கள், மண்மேடு கட்டி மேலேயும் ஏற்றினார்கள். மேடு எப்படி இருந்தது என்பதில் இன்றைக்கும் ஆளுக்கொரு கட்சி. ஆனால் அடிப்படை இதுதான் என்றாள்: பலகை, கயிறு, தண்ணீர், ஆட்கள்.

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் கட்டியது என்றுதான் என் கட்சி. அதைச் சொன்னேன். போன ஒக்ரோபர் பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் நாலைந்து குடும்பமாக எகிப்துக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் பிரமிட் பார்க்க விடிய எழும்பி பஸ்ஸில் போனார்கள். சுஜிந்தனும் நானும் ஹொட்டேலில் நின்று காலைச் சாப்பாட்டை மத்தியானம் வரை சாப்பிட்டோம். ஆகவே இந்த விஷயத்தில் என் அறிவு முழுக்க யூடியூப்.

"பாணும் பியரும் இறைச்சியும் குடுத்து வச்சிருந்த ஆக்கள் கட்டினது," என்றாள் வினோதா. "குழுக் குழுவாப் பிரிஞ்சு வேலை செய்தவை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேர். அந்தப் பேரைக் கல்லிலை ஒருத்தரும் பாக்காத பக்கத்திலை சிவப்பு மையாலை எழுதிவிட்டவை."

பியர் என்றதும் நானும் அந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த கணம்தான் கல்லின் முதுகில் கண்ட பதினெட்டுப் பொட்டு நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

"நிக்கலஸ் மாதா எண்டுறார். முதலாளி கிரேன் எண்டுறான்," என்றாள் அவள். "நடுவிலை மனிசர் எண்டு ஒண்டு இருக்கிறது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரேல்லை."

சரி, அந்தப் பதினெட்டு மனிதரை எங்கே தேடுவது என்று கேட்டேன். முதலில் சாப்பிடுவோம், வீட்டுக்கு விடுங்கோ என்றாள். வேலை நேரத்தில் வினோதா தானாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பசி கண்ணை மறைத்துவிட்டது.

வீட்டுக் குசினியில் இராசலட்சுமி புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டருக்கு மேல், அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து கொண்டுவந்த ஊதாக் கையுறை. மாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள், பிசறினாள், ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள், கையை விரித்துப் பார்த்தாள். பிடி உடையாமல் நின்றது. விரலால் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. எங்கள் வீடுகளில் புட்டு மாவுக்குப் பதம் பார்ப்பது இப்படித்தான். உதிராவிட்டால் களி, பிடி நிற்காவிட்டால் மண்.

வினோதா என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அந்த மணற்கட்டியை எடுத்து மாச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டியில் நாலு விரல் பதிந்திருந்தது. ஒரு கைப்பிடி அளவு. யாரோ ஒருவர் மணலை அள்ளி, இறுக்கி, பார்த்து, ஓரத்தில் போட்டிருக்கிறார். நாலைந்து அடிக்கு ஒரு முறை.

"அக்கா," என்றாள் வினோதா, சாதாரணமாக, "மணலுக்கு எவ்வளவு தண்ணி விட்டனீங்கள்?"

"மாவுக்கு விடுற மாதிரித்தான்," என்றாள் என் மனைவி, சட்டியைப் பார்த்தபடி. "நிறோஷினி கூட விடப் பாத்தவள். நான்தான் மறிச்சு..."

பிறகு நிமிர்ந்தாள். முதலில் தங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மூன்று நாளாக அந்தக் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன் நான். சுட்டது அடுப்புத் தட்டல்ல, கயிறு.

கதை பிறகு தானாக வந்தது. எங்கள் விளையாட்டுக் கழகத்தில் பெண்களுக்கு இரண்டு கயிறிழுத்தல் அணிகள் உண்டு. ஒரு பக்கம் எட்டுப் பேர், ஒரு மேலதிக ஆள். இரண்டு பக்கமும் பதினெட்டு. வருடம் முழுக்க ஒருவரையொருவர் இழுத்து விழுத்திக்கொண்டிருப்பவர்கள். சைவக்காரர், வேதக்காரரான கத்தோலிக்கர் எல்லாம் கலந்த அணி. பாதிக்குமேல் முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள். படுத்திருக்கும் நோயாளியைத் தூக்காதே, வழுக்கும் துணியைப் போட்டு இழு என்பதுதான் அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். நிறோஷினி அந்தப் பாடத்தில் கெட்டிக்காரி. புதிதாக வருபவர்களுக்கு அவள்தான் பழக்குகிறாள். எகிப்தில் சுஜிந்தனும் நானும் ஒம்லெட் தின்றுகொண்டிருந்த நேரம், வழிகாட்டி அந்தத் தண்ணீர் ஊற்றும் படத்தைக் காட்டிக் கதை சொல்லியிருக்கிறான். இது எங்கட இல்லத்து வேலைதானே, நோயாளிதான் கொஞ்சம் பெரிசு என்று நிறோஷினி அன்றே சொன்னாளாம்.

குற்றியின் மூக்கை அவர்களே அறுத்தார்கள். கழகத்துக் கயிற்றைக் கட்டினார்கள். ஊர் நெருப்புப் பார்க்கப் போன நேரத்தில், எதிர் எதிராக இழுத்த பதினெட்டுப் பேரும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றார்கள். பதினேழு பேர் இழுக்க, நிறோஷினி முன்னால் தண்ணீர் விட்டாள். ஒன்றரை மணி நேரம். பியர்த அம்மா எட்டிப் பார்த்தபோது, நீளக் கயிற்றை இழுத்தவர்கள் வேலி மறைவுக்கு அப்பால் போய்விட்டிருந்தார்கள்.

அந்தச் சிவப்புப் பொட்டு எதனால் வைத்தீர்கள் என்று நான் ஈனக் குரலில் கேட்டேன். கலியாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த நகப்பூச்சு. முதியோர் இல்லத்தில் நகத்துக்குப் பூசக்கூடாது என்பதால் இரண்டு வருடமாக அலுமாரியில் கிடந்ததாம். கடைசியில் அது ஒரு கல்லுக்குப் பயன்பட்டது.

"ஏனக்கா ஒருத்தருக்கும் சொல்லாமல் செய்தனீங்கள்?" என்று வினோதா கேட்டாள்.

"நிறோஷினிக்குப் பயம்," என்றாள் இராசலட்சுமி. "சபையிலை எல்லாரும் கேட்டுக் கேட்டு, அவன் எப்பவாவது ஒரு நாள் கிரேனைக் களவா எடுத்துப்போடுவான், வேலை போயிடும் எண்டு நித்திரையில்லாமல் இருந்தவள். அதுதான் அவன் எடுக்க முந்திக் கல்லை வச்சிடுவம் எண்டு. கிரேன்காரன்ர மனிசி கயிறு கட்டி இழுத்தவள் எண்டு சனம் அவனைப் பகிடி பண்ணும், ஆரும் வாய் திறக்கக் கூடாது எண்டு எங்களிட்டை சத்தியம் வேற வாங்கினவள்."

வினோதா மணற்கட்டியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வேலை போகக்கூடாது என்று அவள் இழுத்து வைத்த கல்தான் இன்று மூன்று மணிக்கு அவன் வேலைக்கு உலை வைக்கப் போகிறது. அவன் அவளுக்குச் சொல்லவில்லை, அவள் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேர்.

"நிறோஷினிக்குச் சொல்லமாட்டன் எண்டுதான் சுஜிந்தனுக்கு வாக்குக் குடுத்தனான்," என்றாள் வினோதா கடைசியில். "அக்காவுக்குச் சொல்லமாட்டன் எண்டு சொல்லேல்லை."

அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே இராசலட்சுமி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டாள். புட்டு மா சட்டியோடு கிடந்தது. நான் கறுத்தப் பாணை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன்.

மூன்று மணி. நிறுவனத்தின் வளவு. முதலாளி கென்ட் உயரமான, தாடி வைத்த, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுஜிந்தன் சுவரோரம் தலையைக் குனிந்து நின்றான். வினோதா படங்களைக் காட்டினாள். அறுத்த மூக்கா, பிறகு அறுத்திருக்கலாம் என்றார் கென்ட். பியர்த அம்மாவின் சாட்சியத்தைச் சொன்னாள். பூவாளிக்காரருக்குப் பின்னால் கல் நடந்து வந்தது என்ற இடத்தில் அவர் மரியாதையாகத் தன் காலணியைப் பார்த்தார். பதினெட்டுப் பெண்கள் இழுத்தார்கள் என்றாள். அவர் மெல்லச் சிரித்து, எனக்கு இருபத்தாறு வருட அனுபவம் என்றார்.

அந்த நேரம் மூன்று கார்கள் வளவுக்குள் வந்து நின்றன. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மற்ற ஆறு பேருக்கு வேலை முறை. வந்தவர்களிலும் ஐந்து பேர் இல்லத்துச் சீருடையோடுதான் வந்திருந்தார்கள். முன்னால் நிறோஷினி, கையில் பூவாளி. பின்னால் இராசலட்சுமி, தோளில் கழகத்துக் கயிறு. நிறோஷினியைக் கண்டதும் சுஜிந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நேரே கென்டிடம் போய், சுத்தமான டெனிஷில், இங்கே ஏதாவது பாரமான சாமான் இருக்கிறதா என்று கேட்டாள்.

வளவில் இல்லாத பாரமா? கிரேனுக்கு எதிர்ப்பாரமாக வைக்கிற கொங்கிறீட் கட்டி ஒன்று, இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் குறைய, இரண்டு பலகைகளுக்கு மேல் மணல் பரப்பிய பக்கத்தில் கிடந்தது. யாருக்காவது அடிபட்டால் காப்புறுதி என்னாவது என்று கென்ட் தயங்கினார். பார்வையாளர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பன்னிரண்டு கையெழுத்தோடு வினோதா நீட்டினாள். அவளுடைய பழைய தொழில் அங்கே உதவியது.

முதலில் காய்ந்த மணலில் இழுத்தார்கள். நிறோஷினி அப்படித்தான் சொன்னாள். பன்னிரண்டு பேரும் பின்னால் சாய்ந்தார்கள். கட்டி ஒரு சாண் நகர்ந்தது. முன்னால் மணல் குவிந்தது. நின்றுவிட்டது. கென்ட் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். சுஜிந்தன் கண்ணை மூடிக்கொண்டான். நான் என் மனைவியின் கையைப் பார்த்தேன். பிளாஸ்டரின் ஓரம் சிவந்திருந்தது.

நிறோஷினி குவிந்த மணலைத் தட்டி மட்டமாக்கினாள். தண்ணீர் விட்டாள். ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பார்த்து எறிந்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். இன்னொரு பிடி. அதை இராசலட்சுமியிடம் காட்டினாள். அவள் விரலால் தட்டிப் பார்த்து, ஓம் என்று தலையசைத்தாள்.

"இழு," என்றாள் நிறோஷினி.

கட்டி வழுக்கியது. மற்றப் பதினொரு பேரும் அடியெடுத்துப் பின்னால் போக, அது அவர்களைத் தொடர்ந்து போனது. நிறோஷினி குனிந்தபடி முன்னால் தண்ணீர் விட்டுக்கொண்டே நகர்ந்தாள். ஐந்து மீற்றர். பத்து. அவர்கள் நிறுத்துவதாக இல்லை. குரலை உயர்த்தத் தெரியாத கென்ட், போதும், போதும் என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தப் பாதையின் முடிவில் அவருடைய புதிய கார் நின்றது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஈர மணலையே பார்த்தார். ஒரு பிடி அள்ளித் தானும் இறுக்கிப் பார்த்தார். பிறகு சுஜிந்தனிடம் போய்க் கையைக் கொடுத்து, தான் பிழையாக நினைத்துவிட்டதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். கல்லுக்கு மேல் சுருபத்தை யார் ஏற்றப் போகிறார்கள் என்று கேட்டார். பெண்கள் சுஜிந்தனைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரேனைக் கொண்டுபோ, காப்புறுதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பெண்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள். சுஜிந்தன் நிறோஷினிக்கு முன்னால் வந்து நின்றான்.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் பூவாளியை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்கள் சொன்னீங்களோ?"

அவன் அந்த வெறும் பூவாளியைப் பிடித்தபடி நின்றான். பிறகு அவளுடைய கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வினோதா என் சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் இராசலட்சுமியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. மூன்று நாள் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டும், கையில் கயிற்றுக் கொப்புளமா சூட்டுக் காயமா என்று ஒரு முறை திருப்பிப் பார்க்கத் தெரியாதவன், துப்பறிபவரின் உதவியாளன் என்று அட்டை அடித்து வைத்திருக்கிறேன்.

குசினியில் அவளைக் கதிரையில் இருத்தினேன். கேத்தலை வைத்தேன். தேயிலை எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று கதவு திறக்க வேண்டியிருந்தது. ஊற்றிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்தி, ஒரு மிடறு குடித்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீனி காணாது," என்றாள்.

நான் எழுந்து போய்ச் சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.